நர்சுக்கு மருந்து தெரிய வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் மருத்துவமனைத் தவறுகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "டாக்டர் எழுதியதை நர்சுகள் அப்படியே செய்தாலே பாதித் தவறுகள் நடக்காது." நர்சிங் மாணவிகளுக்கு 26 வருடம் மருந்தியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதைப் படித்த பிறகு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதியதை அப்படியே செய்யாதே, முதலில் புரிந்துகொள் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவெல்லாம் கண்விழித்த பயிற்சி டாக்டர், கேஸ் ஷீட்டில் 'பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பூல், ஐ.வி.' (ஒரு சிறு குப்பி, நரம்பு வழியாக) என்று மட்டும் எழுதிவிட்டார். எதில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது, எதுவும் இல்லை. அந்த 10 மி.லி. மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, "சலைனில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும், நேராகப் போட மாட்டேன்" என்று நின்றுவிட்டாள். டாக்டர் வந்து பார்த்துத் திருத்தி எழுதினார். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தப் பெண்ணின் மேல் வந்தது, 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்ற புகார். அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான். உங்கள் கட்டுரையாளர் அந்த வார்டில் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்?

குறை எங்கள் படிப்பிலும் இருக்கிறது, அதையாவது எழுதியிருக்கலாம். பழைய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் மருந்தியலுக்கு மொத்தமே 45 மணி நேரம். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் அதை மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் இரண்டு பகுதியாக்கியது. நல்லதுதான். ஆனால் நான் பார்த்த கல்லூரிகளில் வெளியிலிருந்து ஒருவர் வந்து மருந்துகளின் வகைகளை நோட்ஸாகச் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் வார்டில், 2 மி.லி.யில் 250 மி.கி. உள்ள அமிக்காசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்து, "குழந்தைக்கு 75 மி.கி. வேண்டும், எவ்வளவு எடுப்பாய்?" என்று கேட்டால் முதல் ரேங்க் பெண்ணே திணறுவாள். விடை 0.6 மி.லி.தான். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து!

வார்டில் பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது விதி. முப்பது பேரை வைத்துக்கொண்டு நான் தனியாக ஓடியிருக்கிறேன். நான் ஒரு கட்டிலருகே நிற்கும்போது இன்னொரு பக்கம் யாரோ ஒருவர், பெயர் ஒட்டாத சிரிஞ்சைக் கொடுத்து, "இதைப் போட்டுட்டு வாம்மா" என்பார். தன் கையால் எடுக்காத மருந்தைப் போடாதே என்று நான் வகுப்பில் சொன்னதெல்லாம் அந்த இடத்தில் என்ன ஆகும்? ஆள் பற்றாக்குறைக்கு மாணவிகளை வைத்துச் சமாளிப்பதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருந்தேன். மே 12, நர்சுகள் தினம் வந்தால் நைட்டிங்கேல் படத்தைப் போட்டு 'வெள்ளுடைத் தேவதைகள்' என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது வேண்டாம் ஐயா. மருந்து நோயாளியின் உடம்புக்குள் போகும் முன் அதைக் கடைசியாகப் பார்ப்பது நர்ஸ் என்பதை ஒரு தடவை எழுதுங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். போன மாதம் எங்கள் தெருவில் ஓர் அம்மா அப்படிப் போடப்போன சமயத்தில்தான் நான் பார்த்துத் தடுத்தேன். இதை மட்டுமாவது படத்துடன் ஒரு பெட்டிச் செய்தியாக வரும் ஞாயிறு இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
மதுரை