தெரு நலச் சங்கம், காரைக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு அன்பர்களே, அண்ணன்மாரே, ஆச்சிமாரே, வணக்கம்.

மார்ச் மாதத்தோடு முடிய வேண்டிய அறிக்கை. கொரோனா இரண்டாம் அலையில் பொதுக்குழு தள்ளிப்போனதால் 2021 மே மாதச் செய்தியையும் சேர்த்திருக்கிறேன். தெருவிளக்கு மனுவும் ஊருணி மனுவும் போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த வருடம் உருப்படியாக நடந்தது, நாம் எல்லோரும் செல்போனுக்குப் பழகியதுதான்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் தவிர வேறொன்றும் வராது. பத்தே நாளில் காய்கறி வண்டி எந்த முக்கில் நிற்கிறது, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரிந்தது. காலை வணக்கமும் நிற்கவில்லை.

செயற்குழு ஜூமில் கூடியது. இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். பலகாரம், காபியோடு மூன்று மணி நேரம் பேசிக் கலைந்த நாம், 40 நிமிடத்தில் தீர்மானம் போட்டோம். பணம் கட்டி நேரத்தை நீட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான்தான் தடுத்தேன்.

நம் வீடுகளுக்கும் வைஃபைக்கும் ஒத்துவரவில்லை. வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வேறு. முகப்பில் வைத்த பெட்டி இரண்டாம் கட்டுக்கு எட்டாது. கல்லூரிப் பிள்ளைகள் உள்முற்றத்து வளவில் தூணுக்குத் தூண் நாற்காலியை நகர்த்திப் பாடம் கேட்டார்கள். இதே வீடுகளைக் காவல் காக்கும் குடும்பங்களில் இருந்தது ஒரே போன். அதுவும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. உறுப்பினர்கள் கொடுத்த பழைய போன்களில் ஓடியவை ஆறு. அவை போதவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தபோது அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. வீடு தேடி வந்து அழைக்காததில் சிலருக்கு வருத்தம். அழைப்பிதழின் அடியில் மொய்க்கு க்யூஆர் கோடு போட்டிருந்ததில் பலருக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. மொய் என்னவோ எழுதினேன்.

ஊரடங்கின் முதல் மாதங்களில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில், விமானம் இல்லை. காரியத்துக்கு 20 பேருக்கு மேல் கூடவும் முடியாது. எதிர்வீட்டுப் பையன் வீடியோ அழைப்பைப் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தபடி வீட்டிலிருந்து சுடுகாடு வரை நடந்தான். "தம்பி, அப்பச்சி முகத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுப்பா" என்று பெரியவர் மகன் கேட்ட குரல் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பிள்ளை. சார்ஜ் தீர்ந்துவிடக்கூடாதே என்று இன்னொரு பையன் பவர் பேங்கோடு பின்னாலேயே போனான். இரண்டு பையன்களையும் சங்கம் இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறது.

2021 மே மாதம் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் தடுப்பூசி என்றார்கள். கோவின் என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். அப்போது ஒரு போன் எண்ணில் நால்வரைப் பதியலாம். அப்புறம் ஓடிபி. வெளியூர் மகன் எண்ணைக் கொடுத்த வீடுகளில் ஓடிபி அங்கே போகும், அவர் ஆபீஸ் கூட்டத்தில் இருப்பார், நேரம் போய்விடும். நம் கல்லூரிப் பெண்கள் மூவர் வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார்கள். நாலாம் வீட்டு ஆச்சி இப்போது மற்றவர்களுக்குப் பதிந்து தருகிறார்.

சந்தா வசூலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு படியேறுவது நின்று, யுபிஐ வந்தது. பணம் உடனே வருகிறது; யார் அனுப்பியது என்பதுதான் தெரியவில்லை. 'அப்பா போன்', 'புது நம்பர்' என்ற பெயர்களில் எல்லாம் வந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதற்கு முன், பெயரில்லாமல் சந்தா அனுப்பியவர்கள் காபி நேரத்தில் அவரைப் பார்த்து, போனைக் காட்டி, ரசீது வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்