உன் எல்டிஎல் ஏன் 238

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். "எண்ணெயைத் தொடுவதேயில்லை, தினமும் ஓடுகிறேன், எனக்கு எப்படிம்மா 238?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். பதில் எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து உனக்கு வந்தது.

எல்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துபோகும் துகள். அந்தக் கொலஸ்ட்ராலை விஷம் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்பதால் செல் அதை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. அளக்கும் இடம்தான் எனக்கு இன்றும் வியப்பு. செல்லில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி வெளிச்சவ்வில் இருக்கிறது. ஆனால் அளப்பது உள்ளே, எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற உள்சவ்வு அமைப்பின் சவ்வில். அங்கே கொலஸ்ட்ரால் மிகக் கொஞ்சம். அதனால்தான் சின்ன ஏற்ற இறக்கமும் உடனே தெரிந்துவிடுகிறது.

அந்தச் சவ்வில் ஸ்கேப் என்ற புரதம் பதிந்திருக்கிறது. எஸ்ஆர்இபிபி என்ற இன்னொரு புரதத்தை அது கையோடு பிடித்திருக்கும். அந்தச் சவ்வின் கொழுப்பில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் கீழே போனால், ஸ்கேப் எஸ்ஆர்இபிபியைச் செல்லின் இன்னொரு பகுதியான கோல்கை உறுப்புக்குக் கூட்டிப் போகும். அங்கே இரண்டு நொதிகள் எஸ்ஆர்இபிபியை வெட்டி விடுவிக்க, வெட்டுண்ட துண்டு உட்கருவுக்குப் போய், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் மரபணுக்களையும் எல்டிஎல் ஏற்பியின் மரபணுவையும் முடுக்கிவிடும். கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால், இன்சிக் என்ற புரதம் ஸ்கேப்பை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

எல்டிஎல் ஏற்பியும் ஒரு சவ்வுப் புரதம்தான். வெளிச்சவ்வில் நின்று, ரத்தத்தில் வரும் எல்டிஎல்லைப் பற்றி உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்து நிமிடம் போல ஆவதற்குள் திரும்பி வந்து நிற்கும். அமெரிக்க விஞ்ஞானிகளான பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1970களில் இதைக் கண்டுபிடித்தது, பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறிய நோயாளிகளின் தோல் செல்களை ஆராய்ந்துதான். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பரம்பரை வகைதான் நமக்கும். ஏற்பிக்கான மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. என்னிடமிருந்து உனக்கு வந்த பிரதி பழுதானது. ஏற்பிகள் பாதியாகிவிட்டதால் எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. நீ என்ன சாப்பிட்டாய், எவ்வளவு ஓடினாய் என்பதால் வந்த எண் இல்லை இது.

உன் தாத்தா 41 வயதில் மாரடைப்பில் போனார். விதி என்று சொல்லி அழுதோம். எனக்கு இது தெரிந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று சொல்லாமலே தள்ளிப்போட்டேன். அது என் தவறு. மன்னித்துவிடு.

டாக்டர் எழுதித் தந்த ஸ்டாட்டின் மாத்திரையைத் தயங்காமல் சாப்பிடு. கல்லீரல் செல்கள் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது குறைக்கும். உடனே அங்குள்ள ஸ்கேப் தட்டுப்பாட்டை உணர்ந்து புறப்படும், ஏற்பிகள் கூடும். வேலை செய்யும் ஏற்பிகள் வருவது உன் அப்பா தந்த நல்ல பிரதியிலிருந்து. இதைப் படித்த நாளிலிருந்து, மாத்திரை போடும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம்தான். எனக்கு நல்ல பிரதி அவரிடமிருந்து வந்தது. மாத்திரை மட்டும் போதாவிட்டால், ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியும் இருக்கிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் மட்டும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு. கர்ப்ப காலத்தில் ஸ்டாட்டினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

பேரனுக்கும் இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் செய்தது போல நீ தள்ளிப்போடாதே. ரத்தம் எடுக்கும் தேதியைச் சொல், முந்தின நாளே வந்துவிடுகிறேன். ஊசி குத்தும்போது அவன் என் மடியில் உட்காரட்டும்.

அன்புடன்,
அம்மா