நீ அனுப்பிய கல் பூதம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நோட்ர டாம் பேராலயக் கோபுரத்தில் கன்னத்தில் கையூன்றி, நாக்கை நீட்டிக்கொண்டு பாரிஸை வேடிக்கை பார்க்கும் கொம்பு பூதத்தின் படம் கிடைத்தது. கீழே "எண்ணூறு வருஷத்து கார்காயில்" என்று எழுதியிருந்தாய். இல்லை கண்ணு. அதற்கு எண்ணூறு வயசும் ஆகவில்லை, அது கார்காயிலும் இல்லை. இத்தனை வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கார்காயில் என்பது கூரை மழைத்தண்ணீரை வெளியேற்றும் மிருக வடிவக் கல் தூம்பு. அதன் வாயில் தண்ணீர் வர வேண்டும். அவ்வளவு பெரிய கூரையில் விழும் மழை கல் வாய்க்காலில் சேர்ந்து, சுவருக்கு முட்டுக் கொடுக்கும் வளைவுகளின் மேலாக ஓடிவந்து, மிருகத்தின் முதுகில் வெட்டிய காடியில் இறங்கி, வாய்வழியாகப் பாயும். கழுத்து ஏன் அவ்வளவு நீளம் தெரியுமா? தண்ணீர் சுவரைவிட்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ, கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து அவ்வளவு காலம் பிழைக்கும். மொத்தத் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொட்டினால் கீழே குழி பறித்துவிடும் என்றுதான் பல வாய்களாகப் பிரித்தார்கள். பிரான்சில் 1220 வாக்கில் லான் என்ற ஊரின் பேராலயத்தில் இது தெரிகிறது. கொஞ்ச காலத்தில் நோட்ர டாமுக்கும் வந்துவிட்டது.

யோசனை அவர்களுடையது மட்டுமல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் கூரைத் தண்ணீரைச் சிங்கங்கள் வெளியேற்றுகின்றன. கிரேக்கக் கோயில்களில் சிங்க முகம். நம் கருவறையின் வடபக்கம் இருக்கும் கோமுகியும் ஒருவகையில் இதற்குச் சொந்தம்தான், என்ன, அது அபிஷேகத் தண்ணீருக்கு.

சரி, வெறும் தூம்பு போதாதா, பூதம் எதற்கு? பேயை விரட்ட என்பார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாவத்தைக் காட்ட என்பார்கள். எனக்கு என்னவோ, உளி பிடித்தவனுக்கு அந்த உயரத்தில் கிடைத்த சுதந்திரம் என்றுதான் படுகிறது. கார்காயில்கள் வருவதற்கு முன்பே, 1125 வாக்கில், பிரான்சில் கிளேர்வோ என்ற கிறிஸ்தவ மடத்தின் தலைவர் பெர்னார்ட் இந்த மாதிரிச் சிற்பங்களைத் திட்டி எழுதியிருக்கிறார். துறவிகள் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் குரங்கும் பாதி மனிதனும் எதற்கு, இந்த அசட்டுத்தனத்துக்கு வெட்கப்படாவிட்டாலும் செலவையாவது நினைக்க வேண்டாமா என்று கேட்கிறார். பில் பாஸ் பண்ணிய எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்தது.

பிறகு சுவரோடு இறங்கும் குழாய் வந்தது. லண்டனில் 1724ஆம் வருஷச் சட்டம் புதுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மிருகங்களுக்கு வேலை போயிற்று.

உன் பூதம் அதற்கும் பிந்தியது. நோட்ர டாம் பாழடைந்து கிடந்த காலத்தில், 1831இல், விக்டர் ஹியூகோவின் நாவல் வந்து ஜனங்களை அதன் பக்கம் திருப்பியது. 1840களில் வியொலே லெ டுக், லாசுஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் பழுதுபார்க்க இறங்கினார்கள். அப்போதுதான் வியொலே லெ டுக் கோபுரத்து மாடத்தைச் சுற்றி இந்தப் பூதங்களைப் புதிதாக வரைந்து வைத்தார். அவற்றுக்குக் கிமேரா என்று பெயர். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது, சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் 1853லேயே மேரியோன் என்ற ஓவியர் நீ அனுப்பிய அதே பூதத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். உலகமே அதைத்தான் பழைய பாரிஸின் முகம் என்று எடுத்துக்கொண்டது.

போலி என்று அதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூற்றெழுபது வருஷ மழை வெயிலையும் 2019 தீயையும் பார்த்துவிட்டது, இன்னும் என்ன வேண்டுமாம்? அமெரிக்காவில் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் கோபுரத்தில் ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடரின் தலையே இருக்கிறது. 1980களில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள், ஒரு பையன் வரைந்து அனுப்பிய படம் அது. பெர்னார்ட் பார்த்திருந்தால் இன்னொரு கடிதம் எழுதியிருப்பார்.

லீவு கிடைத்தால் லானுக்குப் போய்விட்டு வா. பாரிஸிலிருந்து ரயிலிலேயே போகலாம். அங்கே கோபுரத்து உச்சியில் பதினாறு கல் மாடுகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, மலைமேல் கல் இழுத்துக் கொண்டுபோன மாடுகளுக்கு மரியாதையாக வைத்தவை என்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் படம்தான் வேண்டுமாம். பூதத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு படி ஏறினா?" என்று கேட்டார்.

அன்புடன்,
அம்மா