சென்சாரை மாற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெட்ரோல் காரில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் (புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது) பழுது என்ற கோடு (code) வருகிறது. உடனே ‘சென்சார் போச்சு, மாத்தணும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிது மாட்டியும் நாலே நாளில் அதே விளக்கு எரிகிறது. எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான் கோடு சொல்லும். கெட்டது சென்சாரா, ஒயரா, ஃபியூஸா என்று தேட வேண்டியது மெக்கானிக்கின் வேலை.

பி0135, பி0141 என்று வந்தால் அது ஹீட்டர் சர்க்யூட். ஏறக்குறைய 300 டிகிரி சூடேறாமல் சென்சார் வேலை செய்யாது, அதற்காகவே உள்ளே ஹீட்டர் இருக்கிறது. முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சென்சார் ஆறியிருக்கும்போது பெரும்பாலான கார்களில் சில ஓம் முதல் 15 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஓம் சரியாக இருந்தால், எஞ்சினை ஓடவிட்டு எதிர்ப்பக்கக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

நம் கடலோரத்தில் கனெக்டரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது போல வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சந்தேகமே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பின்களை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். கிரீஸ் மட்டும் அடைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன. அந்த வழி அடைபட்டால் அளவு தப்பிவிடும். ஒயரை ஈயம் வைத்து ஒட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

சென்சாரின் உண்மை நிலை ஸ்கேனர் ஓடும்போதே காட்டும் அளவுகளில் (லைவ் டேட்டா) தெரியும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால், முன் சென்சார் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே பத்து விநாடியில் எட்டு முறையாவது ஏறி இறங்க வேண்டும். (சில புதிய கார்களில் உள்ள ஏர் ஃபியூவல் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) வேக்குவம் ஹோஸ் ஒன்றைக் கழற்றினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8க்கு மேல் போக வேண்டும். இரண்டுக்கும் உடனே அசைந்தால் அந்தச் சென்சாரைத் தொடாதீர்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பின் சென்சார் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதுதான் சரி. அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு.

பி0171 (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு என்ற கோடு) வந்தாலும் பழி சென்சார் மேல்தான் விழுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சாரைப் பொய் சொல்ல வைக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கேஸ்கெட் பக்கம் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கிறதா, கரி படிந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

கழற்றிய சென்சாரின் முனையையும் வீசும் முன் பாருங்கள். கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாக இருந்தால் சிலிக்கான் சீலன்ட்டோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதிய சென்சாரும் அதே வழியில் போகும்.

வண்டி உரிமையாளர்கள் பில்லுக்குச் சம்மதிக்கும் முன், ஸ்கேனரில் அந்த வோல்ட் கிராஃபைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.