அறிந்தவனுக்கே அநேக அடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பிடித்துவிட்டது. மண்சரிவு எச்சரிக்கைகளும் தங்கள் பத்திரிகையின் உள்பக்கங்களில் வரத் தொடங்கிவிட்டன. இதை ஒட்டி இலங்கை மலையகத்துத் திருச்சபையாரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அரைக் கணக்கைப் போட்டுவிட்டு விடையை எழுதுகிறவர்களைக் கண்டால் இன்னமும் கை சிவப்பு மையைத் தேடுகிறது.

‘எவனிடத்தில் அதிகங்கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகங்கேட்கப்படும்’ என்ற வசனத்தை அறுப்பின் பண்டிகை தவறாமல் கேட்கிறோம். பிரசங்கம் முடிந்ததும் காணிக்கை உறை வரும். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் அதற்கு முந்திய வரிகளை யாராவது வாசிக்கக்கூடாதா? அங்கே பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடிகள்; அறியாமல் தவறியவனுக்குச் சில அடிகள். இயேசு அங்கே கணக்குப் பார்ப்பது அறிவை வைத்து. வசனத்தைப் பணக்காரர் பக்கம் தள்ளிவிட்டுப் படித்த நாம் பின்வாங்கில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, ஐயா. அது போய்ச் சேர வேண்டிய லயத்துக்கும் அது கிடந்த இடத்துக்கும் நடுவே எத்தனை மேசைகள் இருந்தன என்பதுதான் கேள்வி. ‘அவர்களுக்குச் சொன்னோம், போகவில்லை’ என்றும் அப்போது பேச்சு எழுந்தது. போக இடம் காட்டாமல் போ என்றால் எங்கே போவார்கள்? தோட்டத்தை விட்டால் நம் சனங்களுக்குச் சொந்தமாக ஒரு முழ நிலம் இருந்ததா?

பட்டயம், அதாவது வாள், வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடத்தில் இரத்தப்பழியைக் கேட்பேன் என்று எசேக்கியேல் 33இல் கர்த்தர் சொல்கிறார். காவற்காரன் என்றால் போதகர் என்று முடித்துவிடுவது நமக்கு வசதி. பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் நம் பிள்ளை காவற்காரன். தோட்ட அலுவலகத்தில் கோப்பைத் திறந்து மூடும் உத்தியோகத்தர் காவற்காரன். சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்ட அறிவித்தலை வாசித்து விளங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டும் உயர்தர மாணவியும்தான். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. தொழிலாளர் காலையில் கூடும் எங்கள் பிரட்டுக்களத்துப் பலகைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கண்டியை மையமாகக் கொண்டு 1854இல் தோட்டத் தமிழருக்கென மிஷன் ஊழியம் தொடங்கிய காலத்தில் உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். இன்று நமக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. அதில் பாட்டுப் போடுகிறோம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் அல்ல நான். எங்கள் ஆலயத்து வாலிபர் சங்கம் மழையை அளக்க ஒரு வேலை செய்திருக்கிறது. பக்கம் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல்போலச் செருகியிருக்கிறார்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு கீறி, அதிலிருந்து மேலே அடிமட்டத்தை ஒட்டியிருக்கிறார்கள். கூரைத் தண்ணீரோ மர நிழலோ படாத வெளியில் அது நிற்கிறது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவைக் குறித்துவிட்டு, தண்ணீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கடும் மழையென்றால் இடையிலும் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். அளவு எப்படி இருந்தாலும் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்துகொண்டே போகும் மரம், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று ஆகியவற்றைக் கண்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. இதைப் படிக்கப் பல்கலைக்கழகம் வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

சபையில் ஒரு பெரியவர், ‘ஆண்டவர் காப்பார், போத்தலா காப்பாற்றும்?’ என்றார். நன்மைசெய்ய அறிந்தும் செய்யாமற்போவது பாவம் என்று யாக்கோபு எழுதியிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் காலையில் போத்தலருகே நிற்கக் காண்கிறேன்.

இனி இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் லயம் நிற்கும் சரிவு ஆய்வு செய்யப்பட்டதா, அறிக்கை என்ன சொல்கிறது என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்தபின் ஒரு மேசை போட்டு உட்காருங்கள், எல்லா மதத்தாருக்கும் எழுதிக் கொடுங்கள். தாங்களும், ஆசிரியர் அவர்களே, இந்த மழை ஓயும்வரை பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் எச்சரிக்கை நிலைகளை முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும். வெட்டி ஆலயச் சுவரிலும் கோவில் சுவரிலும் ஒட்டுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹப்புத்தளை