நீ தூங்கவில்லையாமே, டிவி சொன்னது

கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். பொங்கலுக்கு வந்து நீ மாட்டிக் கொடுத்த டிவி நன்றாக ஓடுகிறது. அம்மா இப்போது நம்பரே அழுத்துவதில்லை. மைக் பட்டனை அமுக்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "பழைய எம்.ஜி.ஆர். பாட்டு போடுப்பா" என்கிறாள். போடுகிறது. 'ப்பா' சேர்த்துக் கேட்பதால்தான் போடுகிறதாம்.

ரிமோட்டைப் பார்த்தால் எனக்குப் பிரித்துப் பார்க்கத்தான் கை போகிறது. 2006-க்கு அப்புறம் அரசு இலவச கலர் டிவி கொடுத்த காலத்தில், நம் திருப்பாதிரிப்புலியூர் கடைக்குப் பை பையாக ரிமோட் வந்ததே, நினைவிருக்கிறதா? பாதிக்கு மேல் பட்டனுக்கு அடியில் கார்பன் ரப்பர் தேய்ந்திருக்கும். இல்லையென்றால் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் சரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ போன் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து, நுனி பல்பு ஊதாவாக மின்னுகிறதா என்று பார்த்துச் சொல்வாய். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது, நொடிக்கு 38,000 தடவை துடிக்கும். மின்னினால் கோளாறு டிவியில்.

அதற்கும் முன்னால், 1956-இல் அமெரிக்காவில் ஜெனித் கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் செய்த ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினால் குட்டிச் சுத்தி ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி பிடித்துக்கொள்ளும். சாவிக்கொத்து குலுங்கினாலும் சேனல் மாறிவிடுமாம்!

அதெல்லாம் ஒருவழிப் பேச்சு. ரிமோட் சொல்லும், டிவி கேட்கும், அவ்வளவுதான். இந்தப் புது ரிமோட்டையும் கேமராவில் காட்டினேன். பவர் பட்டனுக்கு மட்டும் மின்னியது, மைக்குக்கு ஒன்றும் காணோம். அது ப்ளூடூத்தாம், இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளுமாம். அம்மாவின் பேச்சு நெட் வழியாக எங்கோ சர்வருக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது. மழையில் நெட் போன அன்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சீரியல் பார்க்கும் கணக்கை இந்த டிவியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நீ அங்கே பார்ப்பது இங்கேயும் தெரிகிறது. 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் உன் கொரியன் சீரியல் நிற்கிறது. செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு நான் டிவியை அணைத்தபோது நாலாவது எபிசோட் ஆரம்பத்தில் நின்றது. விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வாங்கி வந்து போட்டால் ஒன்பதாவது, அதிலும் சிவப்புக் கோடு முக்கால் தூரம் போயிருக்கிறது. ஒன்று ஒரு மணி நேரம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் நீ தூங்கியது இரண்டு மணி நேரம்கூடத் தேறவில்லை. காலையில் அந்த பெங்களூரு டிராஃபிக்கில் வண்டி வேறு ஓட்டுகிறாய்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உன் கணக்கை டிவியிலிருந்து எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும், எடுக்கவும் இல்லை.

நேற்றும் இன்றும் கோடு நகரவில்லை. தூங்கினாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா