ஒலிக்கோப்புக்குச் சரியான வகைப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டும் பேச்சு வழக்கும் மறைந்து வருவதைப் பற்றியும், மூத்தோர் இருக்கும்போதே அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. அந்த அக்கறை முழுக்க நியாயமானது. ஆனால் பதிவான குரல் எந்த வடிவத்தில், எந்த வகைப்பெயரோடு ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சேலத்தில் இணையதளங்கள் அமைக்கும் தொழிலில் இருப்பவன் நான். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்தில் முதியவர்களின் குரலைப் பதிவு செய்யும் நண்பர்களுக்குத் தொழில்நுட்ப உதவியும் செய்து வருகிறேன். நம் மாநிலத்து அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இணையதளங்கள், திறந்த ஒலி, ஒளி வடிவங்களுக்கென்று முறையாகப் பதிவு செய்யப்பட்டுள்ள வகைப்பெயர்களையும், ஒலி, ஒளியைச் சுருக்கும் முறையைக் குறிக்கும் கோடெக் அடையாளங்களையும் அப்படியே ஏற்றுக் கையாள வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நண்பர்கள் அனுபவித்த ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கும். மலைக் கிராமம் ஒன்றில் பாட்டி ஒருவர் பாடிய சாமை அறுவடைப் பாட்டை அவருடைய பேரன் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பியிருந்தார். அதைத் தரவிறக்கினால் கோப்பின் பெயர் ‘.ஓபஸ்’ என்று முடியும். அந்தக் கோப்பை வாய்மொழி வழக்காறுகளைச் சேகரிக்கும் நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் ஏற்ற முயன்றபோது, ‘செல்லாத கோப்பு வகை’ என்று பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, “பேரை மட்டும் எம்பி3-ன்னு மாத்திப் போடுங்க, ஏத்திக்கும்” என்றார்கள். அப்படியே செய்தார்கள், தளமும் ஏற்றுக்கொண்டது. பிறகு கேட்டுப் பார்த்தால் சில கைபேசிகளில் பாட்டு ஒலிக்கிறது, சிலவற்றில் ஒலிக்கவே இல்லை. அதைவிடப் பெரிய கேடு, அந்த நிறுவனத்தின் அட்டவணையில் அது இன்று எம்பி3 என்றே பதிவாகியிருப்பதுதான். இருபது ஆண்டு கழித்து அந்தச் சேகரத்தைப் புதிய கணினிக்கு மாற்றப் போகிறவர், அட்டவணையை நம்பி எம்பி3-க்கான மென்பொருளைத் தருவார், அது திறக்காது, கோப்பு கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடக்கூட வாய்ப்பு இருக்கிறது.

தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒலிக்கோப்பில் இரண்டு அடுக்கு உண்டு. ஒலியைச் சுருக்கிக் குறியீடாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஓபஸ், வோர்பிஸ், ஃப்ளாக் எல்லாம் அவ்வகை. அப்படிச் சுருக்கியதைப் பொதிந்து வைக்கும் வடிவத்தைக் கொள்கலன் என்கிறோம்; ஓஜிஜி, வெப்எம், மெட்ரோஸ்கா, எம்பி4 ஆகியவை அவ்வகை. சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளைப் போல, வெளியே சாக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கின் ரகம் வேறு வேறாக இருக்கலாம். இணைய வழங்கி (சர்வர்) ஒரு கோப்பை அனுப்பும்போது அதற்கு முன்னால் ஒரு வரியில் அதன் வகையைச் சொல்லி அனுப்ப வேண்டும். அதுதான் மைம் டைப் என்று நாங்கள் சொல்லும் ஊடக வகைப்பெயர். ‘ஆடியோ/ஓஜிஜி; கோடெக்ஸ்=ஓபஸ்’ என்று அந்த வரி இருந்தால், சாக்கும் சரக்கும் இரண்டும் தெரிந்துவிடும். உலாவி தன்னால் ஒலிக்க முடியுமா என்பதைக் கோப்பு முழுவதையும் இறக்கிப் பார்க்காமலே தீர்மானித்துக்கொள்ளும். ஏற்காட்டுச் சரிவுகளில் ஒரு புள்ளி சிக்னலை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு இது சிறிய உதவி அல்ல.

இந்த வகைப்பெயர்கள் யாரோ ஒரு நிறுவனம் தன் விருப்பத்துக்கு வைத்தவை அல்ல. மின்னஞ்சலில் படமும் ஒலியும் அனுப்ப வழி வேண்டும் என்று போரன்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் 1992-இல் எழுதிய மைம் ஆவணத்திலிருந்து இது தொடங்குகிறது. 1996-இல் திருத்தி வெளியான ஆவணங்கள்தான் இன்றும் அடிப்படை. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு விதிகளை ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களாக எழுதுகிறது. ஐயானா என்ற பதிவகம் பெயர்களைப் பட்டியலில் ஏற்றுகிறது. திறந்த வடிவமான ஓஜிஜிக்கு 2003 மே மாதத்தில் ‘அப்ளிகேஷன்/ஓஜிஜி’ என்ற ஒரே பெயர்தான் பதிவானது. பாட்டா படமா என்று அந்தப் பெயரிலிருந்து தெரியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 5334 அதைச் சரிசெய்தது. ஒலிக்கு ‘ஆடியோ/ஓஜிஜி’, படத்துக்கு ‘வீடியோ/ஓஜிஜி’ என்று பிரித்து, பழைய பெயரைச் சிக்கலான கலவைக் கோப்புகளுக்கு ஒதுக்கி, உள்ளிருக்கும் கோடெக்கைச் சொல்லும் உறுப்பையும் அது சேர்த்தது. ஓபஸ் கோடெக் 2012-இல் ஆர்எஃப்சி 6716 ஆக வெளியானது. அதை ஓஜிஜிக்குள் எப்படிப் பொதிவது, என்ன பெயர் சொல்வது என்பதை 2016 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 7845 முடிவு செய்தது. ‘.ஓபஸ்’ என்ற பின்னொட்டைப் பரிந்துரைத்ததும் அதே ஆவணந்தான். ஆக, பாட்டியின் பாட்டுக் கோப்புக்கு முறையான பெயர் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஏற்றுக்கொள்ளாத தளம்தான் பின்தங்கியிருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் துன்பம் புதிதல்ல. ஒவ்வொரு நாளிதழின் இணையதளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு இறக்கிப் படித்த காலத்தை நாற்பது வயது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டாம், டாப், டிஸ்கி என்று குறியாக்கங்கள் பல இருந்தன. எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்ற தகவல் கோப்போடு வராததால், படிக்கிறவர் ஊகித்து எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. உரைக் கோப்பின் வகைப்பெயரோடு எழுத்துக் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லும் உறுப்பு அன்றும் இருந்தது. டிஸ்கிக்கு ஐயானாவின் குறியாக்கப் பட்டியலில் முறையான இடமும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி அனுப்பிய வழங்கிகள் மிகக் குறைவு. யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது. அதற்குள் எத்தனையோ பழைய தமிழ்ப் பக்கங்கள் படிக்க முடியாத குப்பையாகிப் போயின. எழுத்துக்கு நேர்ந்தது ஒலிக்கும் நேரக் கூடாது. ஒலிக்கு யூனிகோடு போல ஒரே தரம் வரப்போவதும் இல்லை; கோடெக்குகள் மேலும் மேலும் வந்துகொண்டேதான் இருக்கும். எனவே ஒவ்வொன்றையும் அதன் சரியான பெயரால் அழைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது.

பெயர் பதிவாகத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளாக் ஒரு பாடம். தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் இந்தத் திறந்த கோடெக் 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் விரும்பிப் பயன்படுத்துவது. ஆனாலும் அதன் வகைப்பெயர் முறையாகப் பதிவானது 2024 டிசம்பரில், ஆர்எஃப்சி 9639 வெளியானபோதுதான். அதுவரை சிலர் ‘ஆடியோ/எக்ஸ்-ஃப்ளாக்’ என்றும் சிலர் ‘ஆடியோ/ஃப்ளாக்’ என்றும் எழுதி வந்தார்கள். மெட்ரோஸ்காவின் கதையும் இதேதான். ‘வீடியோ/எக்ஸ்-மெட்ரோஸ்கா’ என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது 2024 அக்டோபரில் ‘வீடியோ/மெட்ரோஸ்கா’ ஆனது. ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு சோதனைப் பெயர்களுக்கென்று வந்தது; சோதனை முடிந்த பிறகும் அந்த ஒட்டு போகாமல் இரண்டு பெயர்களும் நிலைத்துவிடுகின்றன என்பதால், இனி அதைப் புதிய பெயர்களுக்கு வைக்க வேண்டாம் என்று 2012-லேயே ஆர்எஃப்சி 6648 சொல்லிவிட்டது. இப்போது முறையான பெயர் வந்துவிட்ட பிறகும் பழைய பெயரை மட்டுமே ஏற்கும் தளங்கள் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது. எல்லாருக்கும் தெரிந்த வேவ் கோப்புக்கே ஆளுக்கொரு பெயர் சொல்லும் நிலை இன்றும் நீடிக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கோடெக் அடையாளங்களில் இன்னும் நுணுக்கம் தேவைப்படுகிறது. வீடியோ கோப்பில் அதன் கோடெக்கை ‘ஏவி1’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘ஏவி01.0.04எம்.08’ என்று சொன்னால்தான் அதன் தரப்பிரிவு, நிலை, நிறத்துக்கு 8 பிட் என்பதெல்லாம் தெரிந்து, மலிவு விலைக் கைபேசி தன்னால் காட்ட முடியுமா முடியாதா என்று முன்கூட்டியே சொல்ல முடியும். ஆனால் ஒரே கோடெக்கின் அடையாளம் கொள்கலனுக்குக் கொள்கலன் மாறுகிறது. ஓபஸ் என்பதை ஓஜிஜியிலும் வெப்எம்மிலும் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். எம்பி4-இல் முதல் எழுத்து பெரிய எழுத்து. மெட்ரோஸ்காவுக்கு உள்ளேயோ ‘ஏ_ஓபஸ்’ என்று முன்னால் ஓர் எழுத்தும் கோடும் சேர்த்து, முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். நிரலர்கள் எத்தனை பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் தொழிலில் அன்றாடம் பார்க்கிறேன். இந்தப் பெயர்களை ஒருங்கிணைக்கும் வேலை உலக அளவில் இன்னும் தீவிரமாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்த் தளங்களில் நடக்கும் பிழைகள் இவ்வளவு நுட்பமானவைகூட அல்ல. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் குரல் பதிந்தால் ஓஜிஜியில் ஓபஸ் வருகிறது. குரோமில் பதிந்தால் வெப்எம்மில் ஓபஸ் வருகிறது. அனுப்பும்போது ‘கோடெக்ஸ்=ஓபஸ்’ என்ற உறுப்பும் சேர்ந்தே போகிறது. வாங்கும் தளமோ ‘ஆடியோ/ஓஜிஜி’ என்ற எழுத்துகளோடு அப்படியே ஒப்பிட்டு, அரைப்புள்ளிக்குப் பின்னால் கூடுதலாக ஏதோ இருக்கிறது என்பதற்காகவே நிராகரிக்கிறது. வேறு சில தளங்கள் கோப்புப் பெயரின் வாலை மட்டும் பார்க்கின்றன. கோப்புக்கு உள்ளே பார்த்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். ஓஜிஜி கோப்பு எதுவானாலும் அதன் முதல் நான்கு பைட்டுகள் ‘ஓஜிஜிஎஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். முதல் பக்கத் தலைப்பு 28 பைட்டுகளில் முடிய, அடுத்த 8 பைட்டுகளில் ‘ஓபஸ்ஹெட்’ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஓபஸ். ஆக 36 பைட்டுகளைப் படித்தாலே உண்மை தெரிந்துவிடும். முதல் நான்கு எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டால் சாக்கின் பெயர் மட்டும்தான் தெரியும். உலாவிகள் தாமாக ஊகிக்கும்போது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் வழங்கி சொல்லும் வகைப்பெயர் முக்கியமாகிறது.

எல்லாவற்றையும் எம்பி3-ஆக மாற்றிக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எம்பி3-க்கான உரிமத் திட்டம் 2017-இல் முடிந்துவிட்டதால் காசுப் பிரச்சினை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஓபஸில் ஒருமுறை சுருங்கிய குரலை மீண்டும் எம்பி3-இல் சுருக்கினால் இரண்டாம் முறையும் கொஞ்சம் போய்விடும். பல் விழுந்த பாட்டியின் சகரமும் றகரமும் எப்படி ஒலிக்கின்றன என்பதுதான் மொழி ஆய்வாளருக்கு வேண்டிய சரக்கு. போவது அதுவாகவே இருக்கக்கூடும். கணக்கையும் பார்க்க வேண்டும். பேச்சை ஓபஸில் விநாடிக்கு 16 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரம் 7.2 மெகாபைட். அதே பேச்சைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் வேவ் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 346 மெகாபைட். மலையிலிருந்து அனுப்பவும் கேட்கவும் ஓபஸே ஏற்றது. சாத்தியமான இடங்களில் மூலப் பதிவை ஃப்ளாக்கில் காப்பகத்தில் வைக்கலாம். ஓபஸ், ஃப்ளாக் இரண்டுமே உரிமக் கட்டணம் இல்லாதவை, முழு விளக்கமும் பொதுவில் கிடைப்பவை.

மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களையே கைக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரிலேயே அறிவித்திருக்கிறது. அதைத் தாளோடு விடாமல், ஒலி, ஒளிச் சேகரங்களுக்கான இணையதளங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் ஒவ்வொரு துறையும், ஐயானா பட்டியலில் உள்ள வகைப்பெயர்களையே வழங்கி அனுப்ப வேண்டும், கோடெக் உறுப்போடு வரும் கோப்புகளை ஏற்க வேண்டும், பெயர் வாலை நம்பாமல் உள்ளடக்கத்தைச் சோதித்து, கண்டறிந்த வகையை அட்டவணையில் எழுத வேண்டும் என்று நிபந்தனை சேர்க்கலாம். செலவு பெரிதாக வராது. வழங்கியின் அமைப்புக் கோப்பில் பெரும்பாலும் சில வரிகள்தான். ஏற்கெனவே தவறான பெயரில் ஏற்றப்பட்டவற்றையும் ஒருமுறை சோதித்துத் திருத்திவிட வேண்டும். மாற்றப்பட்ட பெயரோடு எத்தனை குரல்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது சோதித்தால்தான் வெளிப்படும்.

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல், கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஐஇடிஎஃப்பின் தர ஆவணங்கள் அத்தனையும் இலவசம். விவாதங்களில் கலந்துகொள்ள உறுப்பினர் கட்டணமோ சிபாரிசோ தேவையில்லை. ஓபஸ், ஃப்ளாக், மெட்ரோஸ்கா ஆவணங்கள் எல்லாம் அப்படிப்பட்ட பொது விவாதத்தில் உருவானவையே. இறுதியாண்டுத் திட்டப் பணிக்கு வழக்கமான தலைப்புகளையே திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குப் பதிலாக, நம் மாநிலத்துத் தளங்கள் எந்தெந்தக் கோப்பை எந்தப் பெயரில் அனுப்புகின்றன என்று சோதித்து அறிக்கை தரும் பணியை ஆசிரியர்கள் கொடுக்கலாம். அப்படி முன்வரும் கல்லூரிக்கு, மலையில் பதிவான கோப்புகளைப் பாடியவர்களின் இசைவோடு சோதனைக்குத் தர எங்கள் நண்பர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.